மலையூர் அறையில் விண்வெளிப் பொருள்கள்: பாதுகாப்பதும் காட்சிக்கு வைப்பதும்

கட்டபெட்டு வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், பிள்ளைகள் குறைந்து மூடப்பட்ட ஒரு பள்ளிக் கட்டடத்தின் இரண்டு அறைகளை அறிவியல் காட்சிக்கூடமாக மாற்றும் வேலையைப் பெரியவர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து தொடங்கியிருக்கிறோம். ஓர் அறை விண்வெளிக்கு என்பது முடிவாகிவிட்டது. திருவனந்தபுரத்துக்கு அருகே உள்ள தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் திரும்பிய எங்கள் ஊர்க்காரர் ஒருவர், தம்மிடம் உள்ள சில பொருள்களைத் தருவதாகச் சொன்னதே அதற்குக் காரணம்.

அவர் தருபவை இவை: சிறிய ஆய்வு ராக்கெட் ஒன்றின் கண்ணாடியிழை மூக்குக்கூம்பு, செயற்கைக்கோள்களுக்குப் போர்த்தும் பொன்னிறக் காப்புத்தாளின் துண்டுகள், தரவு பதிந்த காந்த நாடாச் சுருள்கள், ஒரு கட்டு நெகட்டிவ். இவை தவிர, வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மருமகன் ஏலத்தில் வாங்கிய ரஷ்யப் பயிற்சிக் கையுறை ஒன்றும் வருகிறது. ரப்பரும் துணியும் கலந்த அந்தக் கையுறைதான் பிள்ளைகளை ஈர்க்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறோம்.

கூம்பின் சாயம் உரிந்திருப்பதால் வெள்ளை அடித்து மூவர்ணம் தீட்டலாம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. நல்ல தேக்கில் கண்ணாடி அலமாரி செய்து, வெளிச்சம் விழும்படி ஜன்னல் ஓரமாக வைக்கலாம் என்பது தச்சரின் யோசனை. எங்கள் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கடுமை. அந்த இரண்டு மாதங்களில் சுவரே வியர்த்துவிடும். செலவழிக்கக் கையில் இருப்பது சொற்பம். முதலில் எதைச் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


குன்னூர்ச் சாரல் எழுதியது:

தம்பி, சமவெளியில் ஓர் அருங்காட்சியகத்தின் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றிவிட்டு இப்போது குன்னூரில் இருக்கிறேன். தச்சருக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

விண்வெளிப் பொருள் என்றதும் எதையும் தாங்கும் உறுதியான பொருள் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை சில நாள்களோ சில வாரங்களோ உழைத்தால் போதும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. ஐம்பது ஆண்டு அலமாரியில் இருக்க வேண்டும் என்று யாரும் வடிவமைக்கவில்லை. நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் அணிந்த உடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிப்புறத்தில் உள்ள டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணி இன்னும் நன்றாக இருக்கிறது. உள்ளே காற்றைப் பிடித்து வைத்த ரப்பர் உறைதான் இறுகி நொறுங்கும் நிலைக்கு வந்தது. உடலைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடிய பி.வி.சி. குழாய்களோ தம்மை இளக்கமாக வைத்திருந்த எண்ணெய்ப் பொருளை வெளியே கசியவிட்டுப் பக்கத்தில் இருப்பதையும் கறைப்படுத்துகின்றன. இதனால்தான் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் வான்-விண்வெளி அருங்காட்சியகம் 2006 இல் அந்த உடையைக் காட்சியிலிருந்து எடுத்தது. 2015 இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி, ஆய்வு செய்து, தனிப் பெட்டி கட்டி, 2019 ஜூலை 16 அன்றுதான் திரும்ப வைத்தது. கிடங்கில் அதை ஏறத்தாழ 16 முதல் 18 டிகிரி வெப்பத்திலும் 30 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்திலும் வைத்திருந்தார்கள்.

இந்த இரண்டு எண்களில் முதலாவதை நம் மலை ஆண்டின் பெரும்பகுதி இலவசமாகவே தருகிறது. இரண்டாவதைத் தரவே தராது. ஆகவே உங்கள் வேலை முழுவதும் ஈரத்தோடுதான். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூசணம் பிடிக்கத் தொடங்கும். 70 ஐத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம். மலையில் வீடு வைத்திருப்பவர்கள் பீரோவுக்குள் ஜீரோ வாட் பல்பு எரியவிடுவது பூசணத்துக்குப் பயந்துதான். அதில் உள்ள அறிவியல் சரியானது: 12 டிகிரியில் 90 விழுக்காடு ஈரம் உள்ள காற்றை 18 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு நீரைக்கூட வெளியேற்றாமலே அதன் ஈரப்பதம் 60 ஐ ஒட்டி இறங்கிவிடும். பட்டுப்புடவைக்கு அது போதும். பல்புக்குப் பக்கத்தில் ஏறும் சூடு ரப்பர் கையுறைக்கு ஆகாது, நெகட்டிவுக்கும் ஆகாது.

எனவே அறையைச் சரிசெய்யப் பணத்தைக் கரைக்காதீர்கள், பெட்டியைச் சரிசெய்யுங்கள். காற்று எளிதில் புகாத சிறு பெட்டி, அதன் அடித்தட்டில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள், உள்ளே ஈரப்பதத்தைக் காட்டும் ஒரு ஈரமானி. ஒரு கன மீட்டர் பெட்டிக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல் என்பது எங்கள் துறையில் நெடுங்காலமாக இருக்கும் கணக்கு. அந்த அளவு போட்டு, கதவின் ஓரங்களையும் ஒழுங்காக அடைத்துவிட்டால், வெளியே எத்தனை நாள் மூட்டம் போட்டாலும் உள்ளே ஈரம் மெதுவாகத்தான் ஏறும்.

தேக்கு வேண்டாம். எந்த மரமானாலும் மூடிய இடத்தில் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். ஒட்டுப்பலகை இன்னும் மோசம். பவுடர் கோட்டிங் செய்த இரும்புச் சட்டமும் கண்ணாடியும் போதும். அலமாரிக்குள் அந்துருண்டையும் போட்டுவிடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

ஜன்னல் ஓரம் அறவே கூடாது. மலை உயரத்தில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கூடுதல். ரப்பர், துணி, சாயம், காப்புத்தாள் எல்லாமே அதில் கெடும். கையுறையின் மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸ் என்ற மங்கலான அளவுக்குள் இருக்கட்டும்.


மேட்டுப்பாளையத்தான் எழுதியது:

குன்னூர் அம்மா சொல்வதை எல்லாம் படித்த பிறகு எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான். ஈரம் இவ்வளவு பகை என்றால் இந்தப் பொருள்களை ஏன் மலையில் வைக்க வேண்டும்? கோவையிலோ எங்கள் ஊரிலோ வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்துவிடுமே. ஊர்ப்பாசம் வேறு, பொருளின் ஆயுள் வேறு. பிள்ளைகளுக்கு நல்ல மாதிரி ஒன்றைச் செய்து மலையில் வைத்துவிட்டு, அசலைக் கீழே அனுப்புவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.


குன்னூர்ச் சாரல் எழுதியது:

நியாயமான கேள்வி, ஐயா. ஆனால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் கெடுவது பெரும்பாலும் வேதிவினையால். வெப்பம் பத்து டிகிரி கூடினால் அந்த வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணிப்பு. சராசரி 30 டிகிரியில் இருக்கும் அறைக்கும் 15 டிகிரியில் இருக்கும் அறைக்கும் இடையே ஆயுள் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேறுபடும். கீழே அந்த வெப்பத்தைக் குறைக்க ஆண்டு முழுவதும் குளிர்சாதனம் ஓட வேண்டும். மேலே ஈரத்தைக் குறைக்கச் சில கிலோ சிலிக்கா ஜெல்லும் அதைக் காயவைக்க ஓர் அடுப்பும் போதும். சிற்றூர்க் கூடத்தால் எந்தச் செலவைத் தாங்க முடியும் என்று பார்த்தால் மலைதான் மலிவு.

தும்பாவில் விண்வெளி அருங்காட்சியகம் இருப்பது கடற்கரையை ஒட்டிய புனித மரிய மக்தலேனா தேவாலயக் கட்டடத்தில். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவின் முதல் ராக்கெட்டான நைக்-அப்பாச்சியை ஏவிய காலத்தில் அலுவலகமாக இருந்த அதே கட்டடம். வரலாற்றுப் பொருத்தத்தில் அதற்கு இணையான இடம் நாட்டில் இல்லை. உலோகத்தைப் பாதுகாப்பவர் கண்ணுக்கோ, உப்புக் காற்றும் வெப்பமும் சேர்ந்த அந்தக் கரை கடினமான இடம்தான். எந்த ஊரும் முழுக்க நல்லதோ முழுக்கக் கெட்டதோ இல்லை.


முத்தொரைப் பக்கம் எழுதியது:

மின்சாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. மழை வலுத்து மரம் சாய்ந்தால் கம்பி அறுந்து இரண்டு மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் போவது நம் பக்கத்தில் புதிதல்ல. ஈரம் உச்சத்தில் இருக்கும் இரவும் இயந்திரம் நின்றுபோகும் இரவும் ஒன்றாகவே வரும். அதனால் மின்சாரத்தை நம்பாத சிலிக்கா ஜெல் முறையைத்தான் நானும் ஆதரிக்கிறேன்.

இருந்தாலும் யாராவது ஈரநீக்கி இயந்திரம் நன்கொடை தருவதாகச் சொன்னால், வகை பார்த்து வாங்குங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது குளிர்சுருளில் நீரைப் படியவைத்து வடிக்கும் வகை. அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் அந்தச் சுருளில் பனி பிடித்து, ஓடிக்கொண்டே இருக்கும் ஆனால் வேலை நடக்காது. ஊட்டிக் குளிருக்கு ஈரம் உறிஞ்சும் சக்கரம் உள்ள வகைதான் சரி. அதன் விலையைக் கேட்டால் நீங்களே பெட்டிக்குத் திரும்பிவிடுவீர்கள்.

இன்னொன்று. ஊட்டிக்கு அருகே முத்தொரையில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் மலைச்சரிவில் திறந்தவெளியில்தான் நிற்கிறது. அதன் பிரதிபலிப்புப் பரப்பு முழுவதும் 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் ஆனது. அது மழையில் நிற்கும்போது உங்கள் கூம்பு ஏன் நிற்கக்கூடாது என்று யாராவது கேட்கலாம். உழைக்கும் கருவிக்கு நாள்தோறும் ஆள் உண்டு. போல்ட் துருப்பிடித்தால் மாற்றுவார்கள், கம்பி அறுந்தால் புதிது கட்டுவார்கள். அருங்காட்சியகப் பொருளில் போல்ட்டை மாற்றினால் அந்தப் பொருளின் ஒரு பகுதி போய்விட்டது என்று பொருள். இரண்டுக்கும் ஒரே நியாயம் செல்லாது.


இந்து நகர்ப் பழைய தொழிலாளி எழுதியது:

நெகட்டிவ் என்று படித்ததும் எழுத உட்கார்ந்தேன். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்தவன் நான். 1967 இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலையில் ஈரப்பதம்தான் எங்கள் அன்றாடப் பேச்சு.

அந்தக் கட்டைப் பிரித்ததும் முதலில் மோந்து பாருங்கள். வினிகர் நெடி அடித்தால் அது அசிடேட் அடித்தளம் கொண்ட பிலிம், சிதையத் தொடங்கிவிட்டது. வெளியேறும் அசிட்டிக் அமிலமே அடுத்த சிதைவைத் தூண்டும். ஆகவே நெடி அடிக்கும் துண்டை மற்றவற்றோடு ஒரே உறையில் வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் உறைகளை எடுத்துவிட்டு அமிலமற்ற காகித உறைக்கு மாற்றுங்கள். மேல்பரப்பு ஜெலட்டின், பூசணத்துக்கு அதுதான் தீனி. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களின் கண்ணாடித் தட்டுகள் நூற்றாண்டு கடந்தும் இருக்கின்றன என்றால், கண்ணாடி சிதையாது என்பது ஒரு காரணம், ஒவ்வொன்றையும் உறையிட்டு, எண்ணிட்டு வைத்திருந்த ஒழுங்கு இன்னொரு காரணம். அவை ஸ்கேன் செய்யப்பட்ட பிறகுதான் உலகம் முழுவதும் ஆய்வுக்குப் பயன்படுகின்றன. நீங்களும் ஸ்கேன் செய்துவிட்டு அசலை எடுத்து வைத்துவிடுங்கள். ஹூஸ்டனில் அப்போலோ பயணங்களின் அசல் பிலிமை உறைநிலைக்குக் கீழே, ஏறத்தாழ மைனஸ் 18 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு வீட்டு ஃப்ரீசர் போதும். ஆனால் இரட்டைப் பையில் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள், வெளியே எடுத்தால் பை அறை வெப்பத்துக்கு வரும் வரை பிரிக்காதீர்கள். அவசரப்பட்டால் பிலிம் மேல் நீர் கோத்துவிடும்.

காந்த நாடா வேறு கதை. அதில் துகளை ஒட்டிவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அந்த நிலையில் ஓட்டினால் துகள் உரிந்து தரவு அழியும். ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். 1966, 67 ஆம் ஆண்டுகளில் நிலவைச் சுற்றிப் படம் எடுத்த லூனார் ஆர்பிட்டர் கலங்களின் நாடாக்கள் பிழைத்ததற்குக் காரணம், நான்சி எவன்ஸ் என்ற அம்மையார் அவற்றைத் தூக்கியெறிய விடாமல் தடுத்து, அவற்றை ஓட்டும் ஆம்பெக்ஸ் எந்திரங்களையும் சேர்த்துக் காப்பாற்றி வைத்திருந்ததுதான். எந்திரம் போயிருந்தால் நாடாவில் இருந்ததைப் படிக்க வழியில்லை. பிறகு 2008 வாக்கில் நாசா வளாகத்தில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் உணவகக் கட்டடத்தில் உட்கார்ந்து அவற்றிலிருந்து படங்களை மீட்டார்கள். மறுபுறம், அப்போலோ 11 நிலவிலிருந்து அனுப்பிய ஒளிபரப்பின் அசல் தரவு நாடாக்கள், மறுபயன்பாட்டுக்காக அழிக்கப்பட்ட நாடாக்களோடு போய்விட்டன என்று நாசாவே 2009 இல் முடிவுக்கு வந்தது. உங்கள் சுருள்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அந்தப் பெரியவரிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். பெட்டியின் மேல் ஒட்டிய காகிதத்தையும் பிய்க்காதீர்கள்.


கட்டபெட்டு வாசகன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தச்சரிடம் தேக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. முகம் வாடிவிட்டார், அறைக் கதவையும் பெஞ்சுகளையும் அவருக்கே கொடுத்திருக்கிறோம். கட்டிலிருந்து சில நெகட்டிவ்களில் வினிகர் நெடி வரத்தான் செய்கிறது, தனியே பிரித்துவிட்டோம்.

வெள்ளை அடிக்கும் பேச்சு மட்டும் அடங்கவில்லை. ‘கோயில் தேருக்கே ஆண்டுதோறும் வண்ணம் பூசுகிறோம், இதற்குப் பூசினால் என்ன குறைந்துவிடும்?’ என்று கேட்கிறார்கள். ஹூஸ்டனில் உள்ள, அப்போலோ பயணங்களுக்காகச் செய்த சாட்டர்ன் ராக்கெட்டுக்கே சாயம் அடித்தார்களே என்றும் ஒருவர் இணையத்தில் பார்த்து வந்து சொல்கிறார். என்ன பதில் சொல்வது?


வட்டக்கானல் எழுதியது:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். சாட்டர்ன் உதாரணத்தை எடுத்தவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். 110 மீட்டர் நீளமுள்ள அந்த ராக்கெட்டை 1977 இல் ஹூஸ்டனில் திறந்தவெளியில் படுக்க வைத்தார்கள். வளைகுடாவின் ஈரக்காற்றில் உலோகம் அரித்து, பாசி படர்ந்து, உள்ளே செடி முளைத்து, பறவைகள் குடியேறும் அளவுக்குச் சீர்கெட்டது. 2000 ஐ அடுத்த ஆண்டுகளில் நிதி திரட்டி, அரித்த பகுதிகளைச் சரிசெய்து, சாயம் பூசி, மேலே கட்டடமும் எழுப்பினார்கள். சாயம் பூசியதில் தவறில்லை, ஏனெனில் அது பறப்பதற்குத் தயாராகிப் பறக்காமலே நின்றுபோன ராக்கெட். அழிப்பதற்கு அதன் மேல் பயணத்தின் தடயம் எதுவும் இல்லை. ஏவுதளத்துக்குப் போகத் தயாராக இருந்த தோற்றமே அதன் வரலாறு.

பறந்து வந்த பொருளின் கதை வேறு. 2013 இல் அட்லாண்டிக் கடலடியில் நான்கு கிலோமீட்டருக்கும் கீழே இருந்து ஜெஃப் பெசோஸின் குழு, சாட்டர்ன் ராக்கெட்டுகளைத் தூக்கிய எஃப்-1 எந்திரங்களின் பகுதிகளை எடுத்தது. கான்சாஸில் உள்ள காஸ்மோஸ்பியர் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பாதுகாத்தவர்கள் உப்பையும் அரிப்பையும் நிறுத்தினார்களே ஒழிய, நெளிந்த உலோகத்தை நிமிர்த்தவில்லை. அந்த வேலையின் போதுதான் ஒரு பகுதியில் 2044 என்ற எண் புற ஊதா விளக்கில் மங்கலாகத் தெரிந்தது. அது அப்போலோ 11 ஐத் தூக்கிய ஐந்து எந்திரங்களில் ஒன்றின் எண். பளபளப்பாகத் தேய்த்திருந்தால் அந்த எண் போயிருக்கும், அது யாருடைய எந்திரம் என்பதும் போயிருக்கும்.

அப்போலோ 11 இன் கொலம்பியா கலம் 1970களிலிருந்து கோடிக்கணக்கானோர் பார்த்த பொருள். ஆனாலும் 2016 இல் உள்ளே முப்பரிமாண ஸ்கேன் எடுத்தபோதுதான், பயணிகள் சுவரில் கையால் எழுதிய கணக்குகளும் குறிப்புகளும், கழிவுப் பைகள் நாறும் என்ற எச்சரிக்கையும் வெளிச்சத்துக்கு வந்தன. யாரோ ஒரு நல்ல மனிதர் இடையில் சுவரைத் துடைத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

எனக்குப் பிடித்த உதாரணம் ஹபிள் தொலைநோக்கியின் அகலப்புலக் கேமரா. 1993 முதல் 2009 வரை விண்ணில் இருந்த அதைக் கழற்றிக் கொண்டுவந்தபோது, அதன் வெப்பம் வெளியேற்றும் தகட்டில் நுண்விண்கற்களும் விண்குப்பைத் துகள்களும் மோதிய குழிகள் நிறைந்திருந்தன. ஆய்வுக்காக அந்தக் குழிகளைச் சுற்றி வட்ட வட்டமாக வெட்டி எடுத்தார்கள். வாஷிங்டன் அருங்காட்சியகம் அந்த ஓட்டைகளை அடைக்காமல் அப்படியே காட்சிக்கு வைத்தது. பார்ப்பவர் முதலில் கேட்பதும் அந்த ஓட்டைகளைப் பற்றித்தான்.

தேருக்கு வண்ணம் பூசலாம், ஏனெனில் தேர் அடுத்த ஆண்டும் ஓடப் போகிறது. உங்கள் கூம்பு ஓடி முடித்தது. ஒருவேளை அது பறக்கவே இல்லை என்றால், உரிந்த சாயத்துக்குக் காரணம் காற்றும் ஈரமும் மட்டும்தான் என்றால், அப்போதும் அவசரம் வேண்டாம். எந்தக் கட்டத்தில் எந்தச் சாயம் பூசினார்கள் என்பதை உரிந்த இடம்தான் காட்டும். மென்தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். தண்ணீர் வேண்டாம், சோப்பு வேண்டாம். மூவர்ணத்தைச் சுவரில் தீட்டிக்கொள்ளுங்கள்.


தும்பா மருமகள் எழுதியது:

கூம்பு பறந்ததா இல்லையா என்பதை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். என் மாமனார் அந்தத் துறையில் இருந்ததால் சொல்கிறேன், அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

விண்ணுக்குப் போன பொருள்களில் பெரும்பாலானவை திரும்பி வருவதில்லை. 1975 இல் ஏவிய ஆரியபட்டா 1992 இல் வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது. இங்கே எந்த அரங்கில் அதைப் பார்த்தாலும் அது மாதிரிதான். திரும்பி வந்தவை சில. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மாவைப் பூமிக்குக் கொண்டுவந்த சோயுஸ் டி-10 கலம் டெல்லி நேரு கோளரங்கத்தில் இருக்கிறது. அதன் கருகிய மேல்பரப்பை அருகில் நின்று பார்க்கலாம். 2007 ஜனவரியில் இஸ்ரோ அனுப்பிய 550 கிலோ எடையுள்ள மீட்புக் கலம் பன்னிரண்டு நாள் சுற்றிவிட்டு வங்காள விரிகுடாவில் இறங்கியது. இவற்றையும், தரைச் சோதனைக்குச் செய்ததையும், பயிற்சிக்குச் செய்ததையும், கண்காட்சிக்குச் செய்த மாதிரியையும் ஒரே மூச்சில் ‘ராக்கெட்’ என்று எழுதி வைத்தால் பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். கையுறையின் அட்டையில் ‘பயிற்சிக்குப் பயன்பட்டது, விண்வெளிக்குச் செல்லவில்லை’ என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அதனால் அதன் மதிப்பு குறையாது.

அடுத்தது காகிதம். அரசு நிறுவனத்திலிருந்து வெளியே வந்த பொருளுக்குக் கழிவு ஏல ரசீதோ, கொடுத்த கடிதமோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரியவர் நல்லபடியாக இருக்கும்போதே நிறுவனத்துக்கு எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள். காகிதம் இல்லாத பொருளுக்கு வரலாறும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

மூன்றாவது, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூக்குக்கூம்பைப் பிரிக்கும் அமைப்பில் சிறு வெடிமருந்து வைத்த போல்ட்டோ வெட்டியோ இருப்பது வழக்கம். உள்ளே அப்படி எதுவும் மிச்சமில்லை என்று துறை அறிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை ஒரு திருகைக்கூடக் கழற்றாதீர்கள். பிள்ளைகள் இருக்கும் அறைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். மின்கலம் ஏதேனும் இருந்தால் அதுவும் கசிந்து சுற்றியுள்ளதை அரிக்கும், அதையும் அவரே எடுக்கட்டும்.


நெறியாளர் எழுதியது:

மேலே உள்ள பதிவில் வெடிமருந்து பற்றிய கடைசிப் பத்தியை எல்லோரும் படிக்க வேண்டும் என்பதால் இழையின் தலைப்பிலும் ஒட்டிவைத்திருக்கிறேன்.


மேட்டுப்பாளையத்தான் எழுதியது:

மலை வேண்டாம் என்ற என் கருத்தை விட்டுவிடுகிறேன். சிலிக்கா ஜெல் கணக்கு என்னைச் சம்மதிக்க வைத்தது. ஆனால் கையுறையைப் பொறுத்தவரை என் நிலை மாறவில்லை. அது ரப்பர். எத்தனை நல்ல பெட்டியில் வைத்தாலும் காற்றும் வெளிச்சமும் படப் படக் கெட்டுக்கொண்டேதான் இருக்கும். நிரந்தரக் காட்சி என்பது நிரந்தர அழிவு. மாதிரியைக் காட்டிவிட்டு அசலை இருட்டில் வையுங்கள்.


குன்னூர்ச் சாரல் எழுதியது:

ஐயா சொல்வதில் பாதி சரி. இருட்டில் வைத்தாலும் ரப்பர் கெடும். மெதுவாகக் கெடும், அவ்வளவுதான். யாருமே பார்க்காமல் மெதுவாகக் கெடுவதற்காக ஒரு பொருளை ஊர் ஏன் சுமக்க வேண்டும் என்பது என் கேள்வி. ஆம்ஸ்ட்ராங்கின் உடையையே கடைசியில் மக்கள் முன் வைக்கத்தானே அத்தனை பணம் செலவழித்தார்கள்.

நடுவழி ஒன்று சொல்கிறேன். ஏப்ரல், மே சீசனில் கூட்டம் வரும் நாள்களில் அசல் வெளியே இருக்கட்டும், மற்ற மாதங்களில் அசலை இருட்டுப் பெட்டிக்கு அனுப்பிவிட்டு மாதிரியை வையுங்கள். மாதிரி என்பதை அட்டையில் எழுதுங்கள். பெட்டிக்குள் இருக்கும் விளக்கு ஆள் வந்தால் மட்டும் எரியும்படி ஒரு பொத்தான் வையுங்கள், பிள்ளைகளுக்கு அதை அழுத்துவதே ஒரு மகிழ்ச்சி. கையுறைக்குள் வெறுமை இருந்தால் விரல்கள் மடங்கி, மடிந்த இடத்தில் ரப்பர் முதலில் விரிசல் விடும். ஆகவே உள்ளே தாங்கல் வேண்டும்: பாலித்தீன் நுரையை விரல் அளவுக்குச் செதுக்கி, கஞ்சியில்லாமல் பலமுறை அலசிய வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, இறுக்காமல் நுழையுங்கள். சோபாவிலும் மெத்தையிலும் இருக்கும் மஞ்சள் நுரையைத் தொடவே தொடாதீர்கள். அது தானும் பொடிந்து ரப்பரையும் கெடுக்கும். மணிக்கட்டில் உலோக வளையம் இருந்தால், எடை முழுவதும் ரப்பர் மேல் தொங்காதபடி வளையத்துக்கும் அடியில் ஒரு தாங்கி கொடுங்கள். ஏற்கெனவே ஒட்டிப்போன மடிப்பு எதையும் வலிந்து பிரிக்க வேண்டாம்.

காப்புத்தாளை வெறுங்கையால் எடுக்காதீர்கள். அந்தப் பொன்னிறம் பொன் அல்ல. பழுப்பு மஞ்சளான பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் தாளின் பின்பக்கம் பூசிய அலுமினியம் அதன் ஊடாகத் தெரிவதால் வரும் நிறம். அந்த அலுமினியப் பூச்சு மிக மெல்லியது. வியர்வை பட்ட விரல் ரேகை சில மாதங்களில் நிரந்தரத் தடமாகிவிடும். மடிக்காமல், சுருட்டாமல், தட்டையாக வையுங்கள்.


கட்டபெட்டு வாசகன் எழுதியது:

ஊர்க்கூட்டத்தில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். வெள்ளை அடிப்பது கைவிடப்பட்டது. ஹபிளின் ஓட்டைகள்தான் பெரியவர்களை மாற்றின. கூம்பைப் பார்க்கப் பெரியவரின் பழைய சக ஊழியர் ஒருவர் திருவனந்தபுரத்திலிருந்து வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவரை அது பூட்டிய தனிக் கொட்டகையில் இருக்கும். ஏல ரசீது இரண்டு பொருள்களுக்குக் கிடைத்தது, மற்றவற்றுக்கு நிறுவனத்துக்குக் கடிதம் போகிறது.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம். கடையில் விற்கும் மலிவான டிஜிட்டல் ஈரமானியை எந்த அளவுக்கு நம்பலாம்? கண்ணாடி ஓரங்களை அடைக்கப் பட்டறைக்காரர் சிலிக்கோன் போடலாமா என்று கேட்கிறார், அது சரியா?


முத்தொரைப் பக்கம் எழுதியது:

ஈரமானியை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறு பதத்துக்குத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து இறுக மூடும் டப்பாவில் ஓர் இரவு முழுவதும் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். ஈரமானி 80 காட்டினால் 5 ஐக் கழித்துப் படியுங்கள் என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை சோதித்தால் போதும். தினமும் காலையில் எண்ணை ஒரு நோட்டில் எழுதும் பொறுப்பைப் பள்ளிப் பிள்ளைகளிடமே கொடுங்கள்.


குன்னூர்ச் சாரல் எழுதியது:

சிலிக்கோன் போடலாம், ஆனால் வகை பார்த்து. ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் காயும்போது வினிகர் நெடி விடும் வகை. நெகட்டிவில் எந்த அமிலத்துக்குப் பயந்தோமோ அதே அமிலம். கடைக்காரரிடம் நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்கி, தகரத்தில் கொஞ்சம் பிதுக்கி மோந்து பார்த்த பிறகே பட்டறைக்குக் கொடுங்கள். அதுவும் காய்ந்த பின் பெட்டியை வெறுமையாகவே இரண்டு மூன்று வாரம் திறந்து வைத்து, நெடி முழுவதும் போன பிறகுதான் பொருளை உள்ளே வைக்க வேண்டும். கதவு ஓரத்துக்குக் கறுப்பு ரப்பர் பட்டை வேண்டாம், அதில் உள்ள கந்தகம் வெள்ளி முலாம் பூசிய இணைப்புகளைக் கறுக்கவைக்கும். சிலிக்கோன் பட்டையே போடச் சொல்லுங்கள். சிலிக்கா ஜெல் தட்டைப் பொருள் இருக்கும் அறைக்குக் கீழே தனி இழுப்பறையாக வைத்தால், அதைக் காயவைக்க எடுக்கும்போது மேல் கதவைத் திறக்க வேண்டியிருக்காது. ஐப்பசி பிறப்பதற்குள் பெட்டி தயாராகிவிடும் என்றால், முதல் மழைக்கு அதை வெறும் ஈரமானியோடு மட்டும் ஓடவிட்டு, நோட்டில் பதிந்த எண்களை இங்கே போடுங்கள், தம்பி. கையுறையை எப்போது உள்ளே வைக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.